செம்பூரில் நிற்கும் 1978 பத்மினி: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

செம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினி கார் மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி காம்பவுண்டில் நிற்கிறது. கிரீம் கலர். ஸ்டீயரிங் தண்டில் கியர், முன்னால் ஒரே நீள சீட். அப்பா இருந்தவரை செட்டா நகர் முருகன் கோவிலுக்கு அதில்தான் போவார், கூப்பிடு தூரம் என்றாலும். இப்போது நான் வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து, கேட் வரை ஓட்டிவிட்டு அணைத்துவிடுகிறேன். அதோடு சரி.

சொசைட்டி கமிட்டி, பார்க்கிங் இடம் போதவில்லை, ஓடாத வண்டியை அப்புறப்படுத்துங்கள் என்று கடிதம் கொடுத்திருக்கிறது. பதிவும் சீக்கிரம் முடியப்போகிறது. புனேவில் இருக்கும் பையன் ஸ்கிராப்புக்குக் கொடு என்கிறான். பெண், தாத்தா வண்டியைத் தொட்டால் பேசவே மாட்டேன் என்கிறாள். அவள் இருப்பது சிங்கப்பூரில், அங்கிருந்து சொல்வது சுலபம்.

வின்டேஜ் நம்பர் (மிகப் பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு) வாங்கிவிடு, பிரச்சினை இல்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அந்தக் காலத்து பம்பாயில் வண்டி வைத்திருந்தவர்கள் அப்படியே நாலு வரி எழுதினாலும் சந்தோஷம்.

மாட்டுங்கா மாமி:
ஸ்கிராப்பா? அந்தப் பையனை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

எங்காத்து மாமா 1969ல் பழைய பியட் ஒன்று வாங்கினார். முன் கதவு பின்பக்கமாகத் திறக்குமே, அந்த மாடல். இங்கே மராட்டிக்காரர்கள் டுக்கர் பியட் என்பார்கள். பெயர் என்னவோ பன்றிதான், ஆனால் ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு ஏறி இறங்க அதைவிட வசதியான கதவை நான் இன்னும் பார்க்கவில்லை. முன் சீட்டில் மாமா, நான், நடுவில் மாமியார். பின்னால் குழந்தைகள், கூஜா, டிபன் கேரியர். சீட் பெல்ட்டா? மாமியாரின் கைதான் சீட் பெல்ட்.

சண்முகானந்தா ஹால் கச்சேரிக்கு வண்டி எடுக்கமாட்டார், நடக்கிற தூரம், பெட்ரோல் வீண். மகாலட்சுமி கோவிலுக்கும், சௌபாட்டிக்கும், ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர தாதர் ஸ்டேஷனுக்கும் எடுப்பார். வருகிறவர்கள் சும்மாவா வருவார்கள்? ட்ரங்குப் பெட்டி, வடு மாங்காய் ஜாடி, அப்பளக் கட்டு. டிக்கி மூடாது, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தாதர் டிடி (ட்ராம் டெர்மினஸ்) வழியாக ஊர்ந்து வருவோம். அங்கே ட்ராம் நின்று வருஷங்கள் ஆகியிருந்தாலும் தண்டவாளத் துண்டுகள் ஆங்காங்கே தெரியும்.

விடியற்காலையில் ஆரே பால் பூத். கார்டையும் காலி பாட்டிலையும் நீட்டினால் நிறைந்த கண்ணாடி பாட்டில் வரும், அலுமினியத் தாள் மூடி போட்டு. முந்தின ராத்திரியே வரிசையில் ஒரு கல்லையோ பையையோ வைத்துவிட்டு வந்துவிடுவோம். காலையில் அந்தக் கல் அதே இடத்தில் இருக்கும். கல்லுக்கே மரியாதை இருந்த காலம்.

இன்னொன்று, ஜானவாசம். ஆஸ்திக சமாஜம் பக்கத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் கூரை இல்லாத பெரிய அமெரிக்கக் கார் வாடகைக்கு வரும். பூ அலங்காரம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ், முன்னால் நாதஸ்வரம், பின்னால் பொறுமையில்லாத 'பெஸ்ட்' கம்பெனி டவுன் பஸ். மாப்பிள்ளை அதற்கு முன் காரிலேயே ஏறியிருக்கமாட்டான், மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான்!

கார்ப்பரேட்டர்:
செம்பூர்வாசி, முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் நண்பர் அவசரப்படுகிறார்.

வின்டேஜ் பதிவு விதி 2021ல் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், வியாபாரத்துக்கு ஓடியிருக்கக் கூடாது, பெரிதாக எதையும் மாற்றியிருக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு 2028ல்தான் வயசு வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு. பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிகிறவற்றுக்குத்தான் 'விஏ' எழுத்து வரும். அதனால் நடுவில் பதிவை விட்டுவிடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: அந்தப் பதிவு வாங்கிவிட்டால் வண்டியை வழக்கமாக ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். கோவிலுக்குப் போனேன் என்று போலீஸ்காரரிடம் சொன்னால் முருகனே வந்தாலும் உதவி இல்லை.

ஆக இப்போதைக்கு சாதாரணப் புதுப்பித்தல்தான், 5 வருஷத்துக்கு. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். மகாராஷ்டிராவின் பசுமை வரி தனி. வண்டியை ஆர்டிஓவில் நேரில் காட்ட வேண்டும், அதாவது அது அங்கே வரை ஓட வேண்டும்.

தொண்ணூறடி ரோடு:
மாமி எழுதினதைப் படிக்க ஜோராக இருக்கிறது. ஆனால் அதே பத்மினியின் இன்னொரு சீட்டையும் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் தங்கி டாக்ஸி ஓட்டினவர். வண்டி சொந்தம் இல்லை. பகலில் அப்பா, ராத்திரியில் ஜோன்பூர்க்காரர் ஒருத்தர். வசூல் ஆனாலும் ஆகாவிட்டாலும் முதலாளிக்கு அன்றாட வாடகை கொடுத்தாக வேண்டும், பெட்ரோல் நம்ம தலையில். மே மாசத்தில் இன்ஜின் சூடு கால் வழியாக ஏறும். சீட் ரெக்ஸின், முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே ஈரத் துண்டு. இடது கையால் கியர் தள்ளித் தள்ளி அந்தத் தோள்பட்டை அவருக்கு இன்னும் சரியாகவில்லை.

மீட்டர் வண்டிக்கு வெளியே இடது பக்கம் இருக்கும். சவாரி ஏறினதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கொடியைத் திருப்பி இறக்க வேண்டும், மழையில் சட்டைக் கை முழுக்க நனையும். இறங்கும்போது மீட்டர் காட்டுவது ஒன்று, கொடுக்க வேண்டியது வேறு. கட்டணம் ஏறும்போதெல்லாம் மீட்டரை மாற்றமாட்டார்கள், மீட்டர் எண்ணுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போட்ட கார்டைத்தான் மாற்றுவார்கள். அந்தக் கார்டை நீட்டினால் அப்பா ஏமாற்றுவதாகவே பாதிப் பேர் நினைப்பார்கள். கோட் போட்டவர்கள்தான் அதிகம் சண்டை போட்டது என்பார்.

கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29ல் தார்தேவ் ஆர்டிஓவில் பதிவானது. 20 வருஷக் கணக்கு முடிந்து 2023 அக்டோபர் 30லிருந்து ரோட்டில் இல்லை. டிவியில் ஒரே உருக்கம். அப்பா பார்த்துவிட்டு, "ஏசி வண்டி அப்பவே குடுத்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேனே" என்றார்.

மாட்டுங்கா மாமி:
தம்பி, உங்கப்பா சொன்னதை மறுக்கவில்லை. எங்களுக்கும் ஒரு டாக்ஸிக்காரர் வழக்கமாக வருவார், பிரசவத்துக்கு இரண்டு தடவை அவர் வண்டியில்தான் போனேன். அவர் முதுகு எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

டோம்பிவிலி லோக்கல்:
கார் இருந்த குடும்பங்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள், எண்ணிவிடலாம். எங்கள் சாலில் (வரிசை அறைக் குடியிருப்பில்) கார் என்பது டாக்டர் வந்தால் பார்ப்பது. அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார், முறை வருவதற்குள் நான் எஸ்எஸ்சி, அதாவது பள்ளிப் படிப்பை, முடித்துவிட்டேன். சாவி கைக்கு வந்த அன்றைக்கு அம்மா ஸ்கூட்டருக்கு ஆரத்தி எடுத்தாள். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றத் தெரியாமல் அப்பா சுவரில் முட்டி, முதல் நாளே முன் மட்கார்டு நெளிந்தது.

எனக்கு ஏக்கம் என்றால் அது 7.52 பாஸ்ட் லோக்கல் ரயிலில் கூட வந்தவர்கள்மேல்தான். பஜனை கோஷ்டி ஒரு பக்கம், ரம்மி கோஷ்டி இன்னொரு பக்கம், வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) வரை நேரம் போவதே தெரியாது. இப்போதும் அதே கூட்டம்தான், எல்லாரும் போனில் குனிந்திருக்கிறார்கள். நானும்தான்.

கார்ப்பரேட்டர்:
ஸ்கூட்டருக்கே அப்படி என்றால் பியட் கதை இன்னும் நீளம். குர்லாவில் செய்த கார், குர்லாவில் இருப்பவனுக்கே வருஷக்கணக்கில் கிடைக்காது. வால்சந்த் ஹீராசந்த் 1944ல் ஆரம்பித்த கம்பெனி பிரீமியர். முதலில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ என்று அமெரிக்க வண்டிகளைப் பூட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் இத்தாலிக்காரர்களோடு சேர்ந்து பியட். மாமி சொல்லும் கதவு 1964ல் டிலைட் மாடல் வந்தபோது போனது. அந்த டிலைட்டின் உடம்புதான் பெயரை மாற்றி மாற்றி, 1972ல் பிரீமியர் பிரெசிடென்ட், 1974லிருந்து பத்மினி என்று கடைசிவரை ஓடியது. 1089 சிசி இன்ஜின், அடிப்படையில் ஐம்பதுகளின் வடிவம். அதையே தொண்ணூறுகளின் கடைசியிலும் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏன் மாற்றவில்லை? மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்க லைசென்ஸ் சொல்லும், செய்ததெல்லாம் விற்கும், வாங்குகிறவன் முன்பணம் கட்டிக் காத்திருப்பான். வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசிடருக்கும் இதே கதை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின்தான் போட்டி என்ற ஒன்றே தெரிந்தது. நான் பத்மினியை நேசிக்கிறேன், வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கால வண்டி தரமானது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். வேறு வண்டி இல்லை, அதனால் இதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டோம்.

அடையாறு வழி:
சென்னையிலிருந்து ஒரு வார்த்தை. பியட், அம்பாசிடர் என்றே பேசுகிறீர்களே, நம்ம ஊரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை யாரும் நினைக்கவில்லையா? பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

கார்ப்பரேட்டர்:
அடையாறு, ஹெரால்டுக்குத் தனி இழை போடுங்கள், நானே வருகிறேன். இங்கே ஆரம்பித்தால் செம்பூர் வண்டி 2028ஐத் தாண்டிவிடும்.

அண்டாப் ஹில் கராஜ்:
நான் மெக்கானிக். அப்பா காலத்திலிருந்து கராஜ். செம்பூர்வாசி சார், கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், மன்னிச்சிடுங்க. வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து அணைப்பதை முதலில் நிறுத்துங்க. அது வண்டிக்கு நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இன்ஜின் ஆயில் முழுசாகச் சூடாகாது, சைலன்சருக்குள் தண்ணீர் கோக்கும், உள்ளிருந்தே துரு. ஒன்று, குறைந்தது அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்க. இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி, நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க.

இரண்டாவது, பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நிற்கிற வண்டியில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டேங்க் துரு பிடிக்கும். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாபிரம் எல்லாம் ஊறி உப்பிவிடும். போன மாசம் ஒரு வண்டியில் ஹோஸ் கையோடு பிய்ந்து வந்தது. எத்தனால் தாங்கும் ஹோஸ் கிடைக்கிறது, முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அப்புறம் பிரேக். நின்ற வண்டியில், பிரேக்கை அழுத்திக் கொடுக்கும் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். ஸ்டார்ட் ஆகிறதே என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீங்க, ஓடுவது பெரிசில்லை, நிற்க வேண்டும். முன் சக்கரம் திரும்புகிற கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்து எத்தனை காலம் ஆச்சோ!

கார்ப்பரேட்டர் சார் தரம் பற்றிச் சொன்னது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன். மழையில் வண்டி நின்றால் என்ன செய்வோம்? பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் இரண்டு கிளிப், விரலாலேயே கழற்றலாம். உள்ளே ஈரத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, பாயின்ட் என்கிற தொடுமுனை கருத்திருந்தால் தீப்பெட்டி ஓரத்தில் இரண்டு தேய்ப்பு. இடைவெளியை ஆக்சா பிளேடு (இரும்பு அறுக்கும் பிளேடு) நுழைகிற அளவுக்கு வைத்து, மூடியைப் போட்டு மேலே பாலிதீன் பையைக் கட்டிவிட்டால் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் மழைத் தண்ணீரைத் தாண்டிவிடும். வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி நின்றால் அதன்மேல் ஈரத் துணி.

2005 ஜூலை 26ல் சாந்தாக்ருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அதற்கப்புறம் எங்கள் கராஜ் வாசலில் முங்கின வண்டிகள் வரிசை கட்டின. பியட்டுகளை பிளக் கழற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, ஆயில் மாற்றி, டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் வெயிலில் காயவைத்து ஓட்டி அனுப்பினோம். புது வண்டிகள் பலவற்றுக்கு கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, இன்சூரன்ஸ்காரர் வந்து மொத்த நஷ்டம் என்று எழுதிவிட்டுப் போனார்.

தொண்ணூறடி ரோடு:
ஆக்சா பிளேடு! அப்பா பர்ஸிலேயே ஒரு துண்டு வைத்திருப்பார். அம்மா அதில் விரலை அறுத்துக்கொண்டு திட்டுவாள்.

கராஜ் அண்ணே சொல்வது நிஜம். ஆனால் ஒன்று கேளுங்க. ரோட்டோரத்திலேயே சரிசெய்ய முடிந்தது என்பது நமக்கு இப்போது அழகாகத் தெரிகிறது. அடிக்கடி நின்றதால்தானே அத்தனை டிரைவர்களும் பாதி மெக்கானிக் ஆனார்கள்? சரிசெய்கிற அரை மணி நேரத்துக்கு எந்த சவாரியும் காசு கொடுக்கவில்லை.

அண்டாப் ஹில் கராஜ்:
அதுவும் சரிதான் தம்பி. அந்த அரை மணி நேரத்துக்கு எங்கப்பா காசு வாங்கினார், உங்கப்பா இழந்தார்.

நெறியாளர்:
எத்தனால் பற்றி அரசியலாகப் போன இரண்டு பதில்களை எடுத்துவிட்டேன். வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.

கரோல் பாக்:
தில்லியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் 10,000 கட்டிப் புதுப்பிக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். இங்கே 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் தடை போட்டு, 2018ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அப்பாவின் அம்பாசிடரைத் தடையில்லாச் சான்று வாங்கிக் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டோம். சித்தப்பா வீட்டுத் திண்ணைக்கு எதிரே நிற்கிறது, கோழி முட்டை போடுகிறது என்று கேள்வி. மும்பையில் இருக்கும்போதே ஓட்டுங்கள் சார்.

செம்பூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், காரணம் வண்டிதான். கராஜ்காரர் சொன்னதைப் படித்துவிட்டு வீல் கழற்றிப் பார்த்தேன். பின்பக்க வலது சிலிண்டர் கல்லாக இறுகியிருக்கிறது. இதோடுதான் இத்தனை நாள் கேட் வரை ஓட்டியிருக்கிறேன்.

தொண்ணூறடி ரோடு தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா சொன்னது: "உங்கப்பா மட்டும் என்ன, கண்டாலா மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்தபோதெல்லாம் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தவள் நான். நீங்கள் எல்லாரும் வடை தின்றீர்கள்." எனக்கு அந்தப் பயணங்களில் வடைதான் ஞாபகம் இருந்தது. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே வராத காலம், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக வண்டிகள் நிற்கும், யாரோ ஒருவர் மூடியை அவசரத்தில் திறந்து கையைச் சுட்டுக்கொள்வார்.

முடிவு: ஸ்கிராப் இல்லை. வின்டேஜ் பதிவும் வேண்டாம், ஷோகேஸ் பொம்மையாக வைக்க எனக்கு இஷ்டமில்லை. பிரேக் வேலை முடித்து, சாதாரணமாகப் புதுப்பித்து, கமிட்டியிடம் ஓடும் வண்டி என்று எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். ஓடாத வண்டி என்றுதானே கடிதம்? பையனிடம் சொன்னேன், செலவில் பங்கு கேட்காதே என்றான். கேட்கவில்லை.

ஒரே சிக்கல், முன் கண்ணாடியின் ரப்பர் வெடித்து மழைத் தண்ணீர் உள்ளே வடிகிறது. எங்கே கிடைக்கும்?

கார்ப்பரேட்டர்:
குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் கேளுங்கள். பழைய டாக்ஸிகளை உடைத்தபோது குவிந்த சரக்கு இன்னும் இருக்கிறது. ரப்பரை மட்டும் பழையது வாங்காதீர்கள், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும்.

தொண்ணூறடி ரோடு:
சார், வண்டி தயாரானதும் சொல்லுங்க. அப்பாவை ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போக முடியுமா? கேட்டேன், வருகிறேன் என்றார். ஆனால் பின்சீட்டில்தான் உட்காருவாராம்.

அண்டாப் ஹில் கராஜ்:
சார், ஓட்டிக்கொண்டு வராதீங்க, டோ செய்துதான் கொண்டுவர வேண்டும். வீல் சிலிண்டர் கிட் நாலுக்கும் சேர்த்தே வாங்கிடுங்க, ஒன்று இறுகியிருந்தால் மற்றதும் நாள் பார்த்துக்கொண்டிருக்கும். ரப்பர் வாங்கும்போது பழையதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்க, டிலைட்டுக்கும் பத்மினிக்கும் ஒன்றுதான் என்று கடைக்காரன் சொன்னாலும் வைத்துப் பார்த்து வாங்குங்க. மழைக்கு முன்னால் வந்தால் நல்லது, ஜூன் வந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.